வலப்பக்கத்து ளகரம்

நுழையும்முன்

பேசும் கருவிகள் பெருகிவிட்ட இக்காலத்தில், பார்வை மாற்றுத்திறனாளிகள் கேட்டே கற்றுக்கொள்ளலாமே, அவர்களுக்கு எழுத்து எதற்கு என்று கேட்போர் உண்டு. தென்மாவட்டத் தமிழாசிரியர் ஒருவர் தம் வகுப்பறையில் இவ்வினாவை எதிர்கொண்ட விதத்தை இக்கட்டுரையில் காணலாம்.

அருச்சுனா ஆறும் வைப்பாறும் கூடுமிடத்தில் அமைந்த ஊர் இருக்கன்குடி. இருகங்கைக்குடி என்பதே இவ்வாறு மருவிற்று என்பர் ஊரார். ஆறுகள் என்று எழுதுகிறேனே தவிர, ஆண்டின் பெரும்பகுதியில் அங்கே மணலைத்தான் காணலாம். ஆடி மாதக் கடைசி வெள்ளியன்று அம்மணலே தெரியாதபடி மக்கள் கூடுவர். கண்ணோய் தீர வேண்டிக்கொண்டவர்கள் மாரியம்மனுக்குக் கண்மலர் சாத்துவர். தகட்டில் வெட்டிய சிறு கண்கள் வரிசையாகக் கடைகளில் பரப்பப்பட்டிருக்கும். ஒரு மக்கட்கூட்டம் கண்ணை எவ்வளவு அருமையாகக் கருதுகிறது என்பதற்கு அக்கடைகளே சான்று.

அக்கண்ணுக்கும் கைவிரலுக்கும் ஊறு நேரக்கூடிய தொழில்களை நம்பி வாழ்வதும் இதே வட்டாரந்தான். மழை பொய்த்தால் வேளாண்மை இல்லை. ஆகவே சாத்தூரில் பேனா முள் செய்தார்கள். சிவகாசியில் அச்சகம் வைத்தார்கள். சுற்றியுள்ள சிற்றூர்களில் தீப்பெட்டியும் பட்டாசும் செய்தார்கள். வெடிவிபத்து நேர்ந்தால் இறந்தவர்களின் எண்ணிக்கை நாளேட்டின் தலைப்பில் இடம்பெறும். காயமுற்றவர்கள் அடுத்த வரியில் வருவார்கள். அதற்கடுத்த ஆண்டுகளில் அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள், எப்படிப் படித்தார்கள் என்பது எந்த வரியிலும் வருவதில்லை.

நான் கற்பித்த பள்ளிக்கு ஒரு மாணவி பதினோராம் வகுப்பில் சேர வந்தாள். அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவளே வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். ஏழாம் வகுப்பு படிக்கையில், ஊர்ப்புறத்தில் யாரோ கொட்டிவிட்டுப் போன வெடிமருந்துக் கழிவில் சிறுவர்கள் தீ வைத்திருக்கிறார்கள். அருகில் நின்ற அவளுடைய இரு கண்களும் பார்வையை இழந்தன. இடக்கை விரல்நுனிகள் வெந்து, தோல் தடித்துப்போயின. பின்னர் மூன்று ஆண்டுகள் பார்வையற்றோர் பள்ளியொன்றில் தங்கிப் படித்துப் பத்தாம் வகுப்பு தேறினாள். தாய்க்கு உடல்நலம் குன்றியதால் மேற்படிப்பை வீட்டிலிருந்தே தொடர விரும்பினாள். வாரம் ஒருநாள் சிறப்பாசிரியர் ஒருவர் வந்து அவளுக்கு உதவுவது என்று ஏற்பாடாயிற்று.

வந்த முதல் வாரத்திலேயே அவள் எங்களையெல்லாம் வியக்க வைத்தாள். அவளிடம் ஒரு திறன்பேசி இருந்தது. திரையில் உள்ளதை அது படித்துச் சொல்லும். நாம் கேட்டால் ஒரு சொல்லும் விளங்காத விரைவில் அக்குரல் ஓடும். அவளுக்கோ அது நிதானமான பேச்சு. கோடை விடுமுறையில் கல்கியின் பொன்னியின் செல்வன் ஐந்து பாகங்களையும் கேட்டு முடித்திருந்தாள். அவ்வகுப்பில் வேறு எவரும் அதன் முதற்பாகத்தைத் தொட்டதில்லை. இனி இவளுக்கு நான் செய்ய வேண்டியது அதிகமில்லை என்று மகிழ்ந்தேன்.

அம்மாதத்தில், தம்மைப்பற்றி ஒரு பக்கம் எழுதிவருமாறு எல்லாரையும் பணித்தேன். அவள் பையின் அடியிலிருந்து பிரெய்ல் பலகையையும் எழுத்தூசியையும் தேடி எடுத்தாள். நெடுநாள் தொடாத பொருள் என்பது எடுத்த விதத்திலேயே தெரிந்தது. அவள் குத்திய தாளைச் சிறப்பாசிரியர் ஒரெழுத்தும் திருத்தாமல் நம் எழுத்தில் பெயர்த்துத் தந்தார். முதல் வரி இது: ஏழாம் வகுப்பில் என் கண்ணின் ஒலி போனது.

தொடர்ந்து படித்தேன். வாழை வாளையாகியிருந்தது. பழுவேட்டரையர் பளுவேட்டரையர் ஆகியிருந்தார். அப்பெயரை அவள் நூற்றுக்கணக்கான முறை கேட்டிருக்கிறாள், ஒருமுறையும் பார்த்ததில்லை.

மாணவர்களே, லகர ளகர ழகரங்களை நீங்கள் எப்படிக் கற்றீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஆசிரியர் ஒலித்துக் காட்டியதால் கற்றதாகவே நினைப்பீர்கள். மதுரைக்குத் தெற்கே அது அரைகுறை உண்மை. நம் பேச்சில் வாழைப்பழம் வாளைப்பழந்தான்; மழை மளைதான். தொல்காப்பியர் பிறப்பியலில் நாவின் நுனி எங்கே வருடும், விளிம்பு எங்கே தடிக்கும் என்று ஒவ்வோர் எழுத்துக்கும் இலக்கணம் வகுத்தார். நம் வீட்டுத் திண்ணையில் அந்த இலக்கணம் செல்லுபடியாவதில்லை. இருந்தும் நாம் வாழை என்று பிழையின்றி எழுதுகிறோம் என்றால், அதைக் கற்பித்தது கண். பேருந்தின் பெயர்ப்பலகை, சுவரொட்டி, கடைப்பலகை, பொட்டலம் கட்டிய தாள் என்று நாள்தோறும் நூற்றுக்கணக்கான சொற்கள் நாம் கேளாமலே வந்து கண்ணில் படுகின்றன. எழுத்துப்பிழையின்மை என்பதில் பெரும்பங்கு இப்படி இலவசமாகக் கிடைத்தது. அந்த இலவசம் அவளுக்குப் பன்னிரண்டு வயதோடு நின்றுவிட்டது. அதன்பின் அவளுக்குக் கிடைத்தவை, ழகரத்தைத் தொலைத்த நம் பேச்சும், விரைவில் லகர ளகரம் மங்கிவிடும் இயந்திரக் குரலும்.

பிழையைச் சொன்னபோது அவள் அழவில்லை, சினந்தாள். "தேர்வில் நான் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஆள் தருவார்கள். எழுத்து அவர் பொறுப்பு. எனக்கு எதற்கு ஐயா?" என்றாள்.

அவள் சொன்னதில் சட்டப்படி தவறில்லை. சொல்வதை எழுதுபவர் உண்டு. மூன்று மணி நேரத் தேர்வுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரமும் உண்டு. நான் வேறொன்றைக் கேட்டேன்: "நீ என்ன ஆகப்போகிறாய்?" சற்று நேரம் பேசாதிருந்தாள். பிறகு, "தமிழாசிரியர்" என்றாள். தமிழ்நாட்டில் பார்வையற்ற ஆசிரியர்கள் பலர் அரசுப் பள்ளிகளில் சிறப்பாகப் பணியாற்றுகின்றனர். ஆகவே அது வெறுங்கனவு அன்று. ஆனால் ஒளி என்பதற்கு எந்த ளகரம் என்று ஒரு சிறுவன் எழுந்து கேட்டால், அதற்கு விடை சொல்ல எழுதுபவரை அழைக்க முடியாது. இதை நான் சொல்லவில்லை. அவளே சொல்லிக்கொண்டாள்.

அன்றிலிருந்து நானும் பிரெய்ல் கற்கத் தொடங்கினேன். சிறப்பாசிரியர் எனக்கும் ஆசிரியரானார்.

பிரெய்ல் எழுத்தின் கதை உங்களிற் பலருக்குத் தெரிந்திருக்கும். 1809இல் பிரான்சு நாட்டில் குதிரைச்சேணம் தைப்பவரின் மகனாகப் பிறந்தவர் லூயி பிரெய்ல். மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் தோல் குத்தும் ஊசியால் கண்ணைக் காயப்படுத்திக்கொண்டார். புண் மறுகண்ணுக்கும் பரவியது. இருட்டில் படிப்பதற்கென்று பார்பியர் என்னும் படைவீரர் அமைத்திருந்த பன்னிரு புள்ளி முறையை எளிமையாக்கி, 1824இல், தம் பதினைந்தாம் வயதில், ஆறு புள்ளி எழுத்தை உருவாக்கினார். அது 1829இல் நூலாக வெளிவந்தது. எனினும் பிரான்சு அரசு அதனை முறைப்படி ஏற்றது 1854இல். அவர் இறந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர். பட்டறையில் பட்ட காயம் ஒரு குழந்தையின் கண்ணைக் கொண்டுபோன இக்கதையை எங்கள் வட்டாரத்து வகுப்பறையில் சொல்லும்போது எவரும் வியப்பதில்லை. அமைதியாகக் கேட்பார்கள்.

தமிழுக்கு இவ்வெழுத்து வந்த வழியும் நமக்கு அயலானதன்று. 1890இல் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்கான பள்ளியைத் தொடங்கினார். இந்திய மொழிகளுக்கு வெவ்வேறு பிரெய்ல் முறைகள் வழங்கிவந்த குழப்பம் 1951இல் பாரதி பிரெய்ல் என்னும் பொதுமுறை ஏற்கப்பட்டதும் நீங்கிற்று.

அம்முறையில் தமிழ் அமர்ந்திருக்கும் அழகை ஓர் இலக்கண ஆசிரியன் சொல்லாமல் கடக்க இயலாது. இரண்டு நெடுவரிசை, ஒவ்வொன்றிலும் மூன்று புள்ளிக்கு இடம். இதுவே ஓர் எழுத்தின் கட்டம். இடவரிசையில் மேலிருந்து கீழாக ஒன்று, இரண்டு, மூன்று. வலவரிசையில் நான்கு, ஐந்து, ஆறு. உயிர்மெய் இருநூற்றுப் பதினாறுக்கும் தனி வடிவம் இல்லை. மெய்யின் குறியை இட்டு, அதன்பின் உயிரின் குறியை இட வேண்டும். நாம் அச்சில் கெ என்று எழுதும்போது கொம்பு முன்னே வந்துவிடுகிறது. ஒலிப்பில் முன்னே வருவதோ ககரம். கொ என்று எழுதினால் கொம்பும் காலும் ககரத்தை இருபுறமும் அணைத்துக்கொள்கின்றன. பிரெய்லில் ககரம் முதலில், ஒகரம் அடுத்து. மெய் முன்னும் உயிர் பின்னுமாய் வரும் என்று நன்னூல் வகுப்பில் நான் பல்லாண்டு விளக்கிவந்ததை அவள் விரல் ஒரு நொடியில் தடவிக் காட்டியது.

எங்கள் சிக்கலான மூன்று எழுத்துகளைப் பாருங்கள். இடவரிசைப் புள்ளிகள் மூன்றும் மட்டும் எழுந்து நின்றால் லகரம். வலவரிசைப் புள்ளிகள் மூன்றும் மட்டும் நின்றால் ளகரம். இடவரிசை மூன்றோடு வலவரிசையின் கீழ் இரண்டும் சேர்ந்தால் ழகரம். ஒலிக்கும் ஒளிக்கும் விரலறியும் வேறுபாடு இவ்வளவே: முன்னெழுத்தை நெருங்கி நின்றால் ஒலி, சற்று விலகி, பின்னெழுத்தை நெருங்கி நின்றால் ஒளி. மேல்நோக்கு லகரம், பொது ளகரம், சிறப்பு ழகரம் என்று மனப்பாடம் செய்வதைவிட இது உறுதியானது. எழுதுகையில் தாளின் பின்புறத்தில், வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும் என்பதால், வலப்பக்கத்து ளகரத்தை இடப்பக்கம் குத்த நேரும். முதல் மாதம் நான் குத்திய ளகரமெல்லாம் லகரமாகவே முடிந்தது. அவள் தடவிப் பார்த்துச் சிரிப்பாள். நான் தாளைக் கண்ணால் பார்த்துத்தான் படிக்கிறேன் என்று அறிந்ததும், "கண்ணால் படிப்பது காப்பியடிப்பது மாதிரி ஐயா" என்றாள்.

அவளுக்கு இருந்த இடர்ப்பாட்டையும் சொல்ல வேண்டும். தேர்ந்த பிரெய்ல் வாசகர் இரு கைகளையும் பயன்படுத்துவர்; ஒரு கை படிக்கும், மற்றது அடுத்த வரியைத் தேடிப் பிடிக்கும். அவளுடைய இடக்கை விரல்நுனிகளில் உணர்வு மழுங்கியிருந்தது. மணிக்கட்டின் விளிம்பை வரியின் தொடக்கத்தில் அழுத்தி வைத்துக்கொண்டு வலச்சுட்டுவிரலால் படிக்கும் வழியை அவளே கண்டுபிடித்தாள். இரு கை விரல்நுனிகளும் வெந்துபோனவர்கள் இவ்வட்டாரத்தில் உண்டு. அவர்களுக்குப் பேசும் கருவியே புத்தகம். அவர்களிடம் போய்ப் பிரெய்லின் பெருமையைப் பேசுவது கொடுமை. கருவிக்கு நான் எதிரி அல்லன். விரல் இருந்தும், கருவி எளிது என்பதற்காக ஒரு குழந்தையிடமிருந்து எழுத்து நழுவிப்போவதையே எதிர்க்கிறேன்.

வகுப்பிலும் சில மாற்றங்கள் வந்தன. கரும்பலகையில் எழுதுவதையெல்லாம் வாயால் சொல்லிக்கொண்டே எழுதுவது முதல் மாற்றம். இதைப் பாருங்கள், இங்கே கவனியுங்கள் என்னும் சொற்கள் அவளுக்கு வெற்றுச்சொற்கள். இதை என்னாமல் பெயரைச் சொல்லப் பழகினேன். கடைசி வரிசையில் அமர்ந்து பலகையைச் சரியாகக் காண முடியாத பிள்ளைகளுக்கும் அது பயன்பட்டதை அவர்கள் சொல்லித்தான் அறிந்தேன்.

யாப்பிலக்கணம் கற்பிக்கையில் வழக்கமாகப் பலகையில் கோடிட்டுச் சீர் பிரிப்போம். அதை விடுத்து மேசையில் தட்டினோம். நேரசைக்கு ஒரு தட்டு. நிரையசைக்கு அடுத்தடுத்து இரண்டு. தேமாவுக்கு ஒன்று, ஒன்று. புளிமாவுக்கு இரண்டு, ஒன்று. கூவிளத்துக்கு ஒன்று, இரண்டு. கருவிளத்துக்கு இரண்டு, இரண்டு. செய்யுள் செவிக்குரியது, அதைக் கண்ணுக்குரிய கணக்காக மாற்றியவர்கள் நாம். நான்காம் நாள் அவள் தட்டிய வேகத்துக்கு வகுப்பில் எவராலும் ஈடுகொடுக்க இயலவில்லை.

பிற மாணவர்களுக்குப் பிரெய்ல் கட்டத்தை விளக்கப் பல்லாங்குழிப் பலகை உதவிற்று. அதில் ஏழு குழிகள் வீதம் இரண்டு வரிசை. செங்குத்தாகத் திருப்பி வைத்தால் மேலே ஆறு குழி ஓர் எழுத்து, கீழே ஆறு குழி மற்றோர் எழுத்து, நடுவே ஓர் இணைக்குழி இடைவெளி. யாரோ அளவெடுத்துச் செய்தாற்போல் பொருந்திற்று. புளியங்கொட்டைகளை இட்டு அவள் கேட்ட எழுத்தைச் செய்துகாட்ட வேண்டும். அவள் தடவிப் பார்த்துச் சரி அல்லது தவறு என்பாள். உணவு இடைவேளையில் இவ்விளையாட்டுக்கு இடம் பிடிக்கப் போட்டி ஏற்பட்டது.

விலையுயர்ந்த கருவிகளும் வேண்டாதவை அல்ல. பள்ளியின் கணினியில் என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பானை நிறுவினோம். இதனை 2006இல் உருவாக்கத் தொடங்கிய ஆத்திரேலியரான மைக்கேல் கர்ரன் பார்வையற்றவர். திரைவாசிப்பான்கள் எளியோர் வாங்க இயலாத விலையில் விற்கப்படுவதைக் கண்டு, இலவசமாகவே வழங்க முனைந்தவர். அது பேசிற்று. ஆனால் எங்களுக்குக் கிடைத்த பழைய மின்னூல்கள் பலவற்றை அது படித்தபோது பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகக் கொட்டிற்று. காரணம் எளிது. அந்நூல்கள் ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சிடப்பட்டவை. கண்ணுக்குத் தமிழாகத் தோன்றும் அகரம், கணினியின் நினைவில் வேறோர் எழுத்தாகவே கிடக்கிறது. பார்வையுள்ளவருக்கு இது தெரியவே தெரியாது. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றபின் ஆக்கப்பட்ட நூல்களிலும்கூட இப்பழைய பழக்கம் சிலவிடங்களில் நீடிக்கிறது. பக்கத்தை ஒளிப்படமாகப் பிடித்து இணையத்தில் ஏற்றிவிடுவது இன்னொரு பழக்கம். அத்தகைய நூல் அவளுக்குப் பூட்டிய வீடு.

சட்டங்கள் நம் பக்கம் இருக்கின்றன. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் இயற்றப்பட்டது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழாக இருந்த வகைகள் இதில் இருபத்தொன்றாயின. உரிய அளவு குறைபாடுள்ள மாணவர்களுக்குப் பதினெட்டு வயதுவரை நூலும் துணைக்கருவியும் இலவசமாகத் தர வேண்டும் என்று அது கூறுகிறது. பார்வையற்றோர் படிக்கத்தக்க வடிவில் நூல்களை ஆக்கப் பதிப்புரிமை தடையாகக் கூடாது என்னும் மராகேஷ் உடன்படிக்கை 2013இல் உருவாயிற்று. அதற்கு 2014இல் உலகிலேயே முதலாவதாக ஏற்புறுதி அளித்த நாடு இந்தியா. இப்பெருமையை நான் ஒருமுறை வகுப்பில் கூறியபோது அவள், "அப்படியென்றால் இந்தப் பக்கம் ஏன் ஐயா படிக்க மாட்டேன் என்கிறது?" என்று கேட்டாள். எழுத்துருவை மாற்றி அப்பக்கத்தை நாங்கள் மறுபடி தட்டச்சிட்டோம். நான்கு மாணவர்கள், ஒரு சனிக்கிழமை முழுவதும்.

பாடநூல் ஆக்கும் குழுவில் அமரும் வாய்ப்பு எனக்குப் பின்னாளில் கிடைத்தது. 2018இல் வந்த புதிய பாடநூல்களின் விரைவுக் குறியீடுகளை நீங்கள் அறிவீர்கள். அதைத் தேடிப்பிடித்துத் திறன்பேசியைக் காட்டவும் கண் வேண்டும் என்பதைக் குழுவில் சொல்வேன். ஒவ்வொரு படத்துக்கும் கீழே, அதில் உள்ளதை மூன்று வரியில் சொல்லால் எழுத வேண்டும் என்றும் வற்புறுத்துவேன். இடம் போதாது என்பார்கள். இடம் உண்மையிலேயே போதாதுதான். இருப்பினும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

அவள் பன்னிரண்டாம் வகுப்பில் தேறி, இளங்கலைத் தமிழ் முடித்து, இப்போது கல்வியியல் படித்துக்கொண்டிருக்கிறாள். கதைகளை இன்றும் செவியால்தான் படிக்கிறாள். இலக்கணத்தையும் செய்யுளையும் பிரெய்லில் படிக்கிறாள். ஐயமான சொல் வந்தால் குரலை நிறுத்தி, எழுத்தெழுத்தாகச் சொல்லச் செய்து, ஒரு தாளில் குத்திவைத்துக்கொள்கிறாள். அத்தாள்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன என்று சொன்னாள்.

அவள் படித்த காலத்தில் வெள்ளிதோறும் ஐம்பது சொற்களுக்கு எழுத்துத்தேர்வு வைப்பேன். அவ்வாண்டின் இறுதியில் ஒருநாள் பவளம் என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். எவரும் எழுதவில்லை, பலர் தலையைச் சற்றே உயர்த்தி முன்வரிசையையே நோக்கிக்கொண்டிருந்தனர். அவள் தன் தாளில் குத்தி முடித்துவிட்டு, ஒன்றும் அறியாதவள்போல் மேசையின் வலப்பக்க ஓரத்தில் விரலை வைத்து, மேலிருந்து கீழாக மூன்று முறை தொட்டாள். உடனே நாற்பது பேனாக்களும் அசைந்தன.